முதலாம் படிநிலை: சித்தியில்லை

என் வாழ்க்கையில் எழுதிய பரீட்சைகள் எல்லாவற்றிலும் சித்தியடைந்திருக்கிறேன். எழுதுவினைஞர் பரீட்சை, வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, சிங்களத் தேர்ச்சி, பிறகு மொன்றியலில் பிரெஞ்சு. அந்தச் சான்றிதழ்கள் இப்போது எங்கே கிடக்கின்றன என்று தெரியாது. தோற்றுப்போன ஒரேயொரு பரீட்சையின் அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அது பனிச்சறுக்குப் பரீட்சை.

பொழுதுபோக்காகச் சறுக்குகிறவர்களுக்கும் பரீட்சை உண்டு என்பதை இந்த நாட்டுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அறிந்தேன். திருகோணமலைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், பதினான்கு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். பதவி உயர்வோ சம்பள ஏற்றமோ இல்லாமல் எவனும் பரீட்சை மண்டபத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று நினைத்திருந்தேன். இங்கே சனம் காசு கட்டி, குளிரில் வரிசையில் நின்று, சறுக்கிக் காட்டி, ஒரு துண்டு அட்டையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறது.

சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே என் மேற்பார்வையாளராக இருந்த மனிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே ஒரு சிறு மலையில் ஸ்கீ பரீட்சகர். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. என் கையெழுத்தைக் கண்டவர் அட்டைகளை நிரப்ப வரமுடியுமா என்று கேட்டார். கூலியாகப் போக வரக் காரும், மத்தியானம் ஒரு கிண்ணம் பட்டாணிச் சூப்பும். நான் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் அறையில் மூன்று ஆண்களோடு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதைவிட அது மேல் என்று போனேன்.

அடிவாரத்தில் பலகைக் குடில். உள்ளே ஒரு மேசை, எண்ணெய் அடுப்பு, மேசை லாச்சியில் இறப்பர் முத்திரை. லாச்சியைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம். ஒரு பருவத்துக்குள் விதிகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. முதலாம் படிநிலை: ஸ்கீப் பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டிக்கொண்டு இறங்குவது, இடம் வலமாக ஒவ்வொரு முறை திரும்புவது, கொடி நட்ட இடத்தில் நிற்பது. இரண்டாவதில் திருப்பங்களைத் தொடர்ச்சியாகச் செய்ய வேண்டும். மூன்றாவதில் இரண்டு ஸ்கீயும் சமாந்தரமாக இருக்க வேண்டும். நான்காவது, எதிலும் பயமில்லாதவர்களுக்கு. சித்தியடையாதவர் இரண்டு கிழமைக்குள் திரும்பப் பரீட்சைக்கு வர முடியாது. கேள்வி கேட்டால் பரீட்சகரே என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஸ்கீயில் மட்டும் நான் கால் வைத்ததில்லை.

இதையெல்லாம் மனைவிக்கு எழுதினேன். அவள் திருகோணமலையில் கணித ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து எங்கள் குடும்பம் கடிதத்தில்தான் நடந்தது. குளிரைப் பற்றியோ நாலு பேர் படுக்கும் அறையைப் பற்றியோ நான் எழுதுவதில்லை. அவளும் ஹெலிகொப்டர் வந்து சுட்ட நாட்களைப் பற்றி எழுதுவதில்லை. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கிறது என்று மட்டும் ஒரு வரி இருக்கும். அந்த வரி மூன்றாம் தடவை வந்தபோது, அவளைச் சிரிக்க வைக்க வேண்டும்போல இருந்தது. ‘இந்த ஞாயிறு முதலாம் படிநிலையில் சித்தியடைந்தேன்’ என்று எழுதினேன். இறங்கிய விதம், திரும்பிய விதம், கொடியில் நின்ற விதம் எல்லாவற்றையும் விதிப்புத்தகத்தில் உள்ளபடியே விவரித்தேன். கச்சேரியில் ஒருநாளும் பொய்யான அறிக்கையில் கையெழுத்திடாதவன், இருபது சத முத்திரை வரிசையொன்றை ஒட்டிப் பொய்யை விமானத்தில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு என் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது. அவளை அழைப்பதற்கான படிவங்களை நிரப்பி அனுப்பினேன். அவள் கையெழுத்திட்டு, மருத்துவச் சோதனை செய்து, கொழும்பில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடத்தில் இந்தத் தவணை முடியட்டும் என்று எழுதினாள். அடுத்த தவணையும் முடிந்தது. மாசி மாதம், குடிவரவு அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது: சித்திரை முடிவதற்குள் படிவங்கள் கிடைக்காவிட்டால் கோப்பு மூடப்படும். அதே கிழமை அவளுடைய கடிதமும் வந்தது.

‘நீங்கள் அங்கே சந்தோஷமாக இருக்கிறியள். மலையில் சறுக்கிற ஆளுக்கு நான் என்னத்துக்கு? இஞ்சை எனக்கு நாற்பத்திரண்டு பிள்ளையள் இருக்கினம். அங்கே வந்து உங்களுக்குப் பாரமாக நான் ஒரு மூலையில் குந்திக்கொண்டு இருக்க வேணுமோ? யோசிச்சுச் சொல்லுங்கோ.’

கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. கணக்கு ஆசிரியை தரவுகளைப் பார்த்து விடையை எழுதியிருந்தாள். பிழையான தரவுகளைக் கொடுத்தவன் நான்.

அறையில் என்னோடு இருந்தவர்களில் ஒருவர் வல்வெட்டித்துறைக்காரர், என் வயது, உணவகத்தில் சமையல். அவருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“ஐசே, நீர் பொய் சொல்ல வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ? காரில போறன் எண்டு சொல்லியிருக்கலாம். நாங்கள் எல்லாரும் அதைத்தானே சொல்லுறம்.”

“இப்ப என்ன செய்யிறது எண்டு சொல்லும்.”

“போய்ச் சறுக்கும். சறுக்கினால் அது பொய்யில்லைத்தானே.”

பிந்திய திகதியில் ஒரு கோப்பை முறைப்படுத்துவது எனக்குப் பழக்கமான வேலை. அடுத்த ஞாயிறு, மேசையை விட்டு எழுந்து, வாடகைச் சப்பாத்தையும் ஸ்கீயையும் மாட்டிக்கொண்டு, மேலே கொண்டுபோகும் இழுவைக் கயிற்றைப் பிடித்தேன். பரீட்சகர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் என்னத்தைச் சோதிக்கிறது?” என்றார் பிரெஞ்சில்.

“விதிப்படி சோதியுங்கள்” என்றேன்.

சோதித்தார். மேலேயிருந்து பார்க்கும்போது அந்தச் சரிவு எனக்குத் தெரிந்த சரிவே அல்ல. நுனிகளைச் சேர்த்தேன், பின்பக்கத்தை அகட்டினேன். இடது பக்கம் திரும்பினேன். அது தானாகவே நடந்தது. வலது பக்கம் திரும்புவதற்குப் பாரத்தை இடது காலுக்கு மாற்ற வேண்டும் என்பதை நூறு பேருடைய அட்டைகளில் எழுதியிருக்கிறேன். கால் கேட்கவில்லை. திரும்பவும் இடது பக்கமே போய், நெட்டிலிங்க உயரத்துக்கு நின்ற ஒரு மரத்தடியில் விழுந்தேன். ஒரு பரீட்சைக்குள் மூன்று முறை இறங்க அனுமதி. மூன்று முறையும் அதே மரம். ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று பக்கத்தால் இறங்கிப் போனது. “போஞ்சூர், மிஸ்யூ” என்றது.

“இடது காலுக்கு என்ன?” என்றார் பரீட்சகர்.

“ஒன்றுமில்லை.”

அன்றைக்கு அட்டையை அவரே தன் கோழிக் கையெழுத்தில் நிரப்பினார். சித்தியில்லை என்ற கட்டத்தில் புள்ளடி. குறிப்பு என்ற இடத்தில் இரண்டு வரி.

அவர் வெளியே போனதும் லாச்சியைத் திறந்தேன். வெற்று அட்டைகள் இருந்தன, முத்திரை இருந்தது, என் கையெழுத்தும் இருந்தது. இரண்டு நிமிட வேலை. மையொற்றியில் முத்திரையை வைத்துவிட்டு யோசித்தேன். எந்த விண்ணப்பத்துக்கும் ஆதாரம் இணைக்கும்போது, அது எதை நிரூபிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சித்தியடைந்த அட்டை, நான் இங்கே நன்றாக இருக்கிறேன் என்பதை நிரூபிக்கும். அவள் ஏன் வரத் தேவையில்லை என்பதையும் நிரூபிக்கும். முத்திரையைத் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

உண்மையான அட்டையைத் தபாலில் சேர்த்தேன். பரீட்சகரின் பிரெஞ்சுக் குறிப்பின் கீழே அதையே தமிழில் எழுதினேன்: ‘இடப்பக்கம் மட்டுமே திரும்புகிறார். இடது காலில் பாரம் வைக்கப் பயப்படுகிறார்.’ மேலதிகமாக ஒரு வரி: ‘முதலில் எழுதியது பொய். உம்மைச் சிரிக்க வைக்க எழுதினேன்.’ வா என்று எழுத ஆசையாக இருந்தது. அந்தச் சொல்லைப் படிவங்களில் எல்லாம் வேறு வேறு வடிவத்தில் எழுதியாகிவிட்டது. அவள் கேட்கவேண்டியது அது அல்ல என்று தோன்றியது.

பங்குனி போனது. சித்திரையில் பனி கரைந்து, குடிலைப் பூட்டினார்கள். நான் வேலை முடிந்து வந்து தபால்பெட்டியைத் திறப்பேன், பூட்டுவேன், மாடிக்குப் போய்விட்டுத் திரும்ப இறங்கி வந்து இன்னொரு முறை திறப்பேன். வல்வெட்டித்துறைக்காரர் எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைப்பார்.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது பதில் வந்தது. சதுரக்கோட்டுக் கொப்பித் தாளில் பாதி, சிவப்பு மையில்.

‘இடது முழங்கால் இன்னும் நோகுதோ? எனக்கு ஏன் சொல்லேல்லை? நாலு வருஷக் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. எங்களைத் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருக்கு. படிவங்களைக் கொழும்பில் குடுத்திட்டன்.’

கலியாணம் முடித்த வருடம் அவளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு கோணேசர் கோயில் ஏற்றத்தால் இறங்கினேன். பிறேக் விட்டுவிட்டது. அவள் பக்கம் படாமல் சைக்கிளைச் சாய்த்ததில் என் இடது முழங்கால் போனது. அதன்பிறகு ஆறு வருடம், படி இறங்கும்போதெல்லாம் என் இடப்பக்கமாக வந்து நிற்பாள். இதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசியதில்லை.

அவள் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்து சேர இன்னும் ஏழு மாதம் எடுத்தது. மிராபெல் விமான நிலையத்தில், மேல்தட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தள்ளுவண்டியோடு வெளியே வந்தவளைக் கண்டதும் படிகளால் இறங்கத் தொடங்கினேன். அவள் கீழே நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் படி வரைக்கும் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தள்ளுவண்டியை விட்டுவிட்டு, சுற்றி வந்து, என் இடப்பக்கத்தில் நின்றாள்.