தோப்புக்குள் கேட்ட தாளம்

பிலிப்பைன்ஸிலிருந்து ஊழியத்துக்கு வந்திருந்த சகோதரி லீனாவை, ராஜபாளையத்திலிருந்து செண்பகத்தோப்புக்கு வீட்டு ஜெபத்துக்கு அழைத்துச் சென்றேன். மாந்தோப்புகளுக்கு நடுவே என் கார் நின்றுவிட்டது. எது கெட்டுப்போனாலும் முதலில் ஸ்தோத்திரப் பாட்டு என்பது அவர் வழக்கம். பாடிக்கொண்டே நடந்தோம்.

பொழுது சாய்ந்திருந்தது. பறவைச் சத்தமே இல்லை. திடீரென்று தோப்புக்குள் யாரோ தகரம் தட்டினார்கள். "நமக்குத் தாளம் போடுகிறார்கள்!" என்று ஆங்கிலத்தில் சொல்லி மகிழ்ந்தார் லீனா. நானும் நம்பிக் கைதட்டினேன்.

தகரம் நின்றது. மிக அருகில் ஒரு பெருமூச்சு கேட்டது. பச்சைக் கிளை முறிந்தது.

மரத்தின் மேலிருந்த பரணிலிருந்து தோப்புக் காவல்காரர் சீறினார். "ஏலே, பாட்ட நிறுத்து! ஆனைய வெரட்டுதோம், நீ கச்சேரியா நடத்துத? அசையாம நில்லு!"

எங்கள் முன்னால் இருட்டு மட்டும் நகர்ந்து பாதையைக் கடப்பது போலிருந்தது. காலடிச் சத்தம்கூட இல்லை.

பிறகு இறங்கி வந்தவர், "வண்டி நின்னது நல்லதாப் போச்சு. முன்னால அந்த வளைவுலதான் ஆனை அம்புட்டும் நின்னுச்சு. பறவச் சத்தம் அடங்குனாலே ஆனை பக்கத்துல நிக்குன்னு அர்த்தம்" என்றார். நான் மொழிபெயர்த்ததும் லீனா சிரித்தார். உதடு மட்டும் அசையத் துதித்தார்.

இப்போது அங்கே ஜெபத்துக்குப் புறப்படுமுன் காவல்காரருக்கு போன் செய்கிறேன். "ஆனை ஒண்ணும் கண்ணுல படல அண்ணாச்சி. ஆனா ஒரு சத்தத்தையும் காணோம்" என்று அவர் சொன்னால், அன்று வீட்டிலேயே முழங்காலிடுகிறேன்.