சைக்கிள் ரியூப்பும் அத்தானின் குரலும்

அக்கா ஜேர்மனியில் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்து இரண்டு வருஷமாகியும் அப்பா அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. அவளுடைய கடிதங்களை நான் வாசிப்பேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பார். அத்தானின் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பார். அந்த மாடும் எத்தனை தரம்தான் குடிக்கும்.

ஒருமுறை கடிதத்துக்குப் பதிலாக அவள் பேசிய கசெற்றும், கேட்பதற்கு ஒரு வோக்மனும் ஆள் கையில் வந்தன. வந்த வழியில் ஹெட்போன் உடைந்திருந்தது. கொடிகாமத்தில் காதுக்குள் செருகுகிற மலிவு இயர்போன் ஒன்று வாங்கினேன். யுத்தத் தடையால் பற்றரி கிடைக்காத காலம். எல்லா வீட்டாரையும் போல நாங்களும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் எடுத்தோம்.

இயர்போனில் இரைச்சல்தான் வந்தது. அக்கா தகர டப்பாவுக்குள் இருந்து கதைப்பது போல இருந்தது. காது மந்தமான அப்பா, "ஒண்டும் கேக்கேல்லை" என்று கழற்றித் தந்துவிட்டார். எனக்குப் பொல்லாத ஆத்திரம். இவ்வளவு தூரம் இறங்கி வந்த மனுஷனை ஒரு பிளாஸ்ரிக் குமிழ் திருப்பி அனுப்புவதா?

குமிழைக் காதோடு சேர்த்து அழுத்திப் பார்த்தேன். குரல் சட்டென்று தடித்தது. அப்படியென்றால் பிழை காதுக்கும் குமிழுக்கும் இடையில் உள்ள நீக்கலில். பஞ்சு சுற்றினேன், உதிர்ந்து ஓட்டையை அடைத்தது. கடைசியில் பழைய சைக்கிள் ரியூப்பில் மெல்லிய நாடா வெட்டி, விளிம்பைச் சுற்றி ஒட்டினேன். ஒரு குமிழ் அப்பாவின் காதில், மற்றது என் காதில். வயர் கட்டை என்பதால் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு சுழல்கிற சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தோம்.

அக்கா பக்கத்தில் இருப்பது போலக் கதைத்தாள். எனக்கோ பெடலைச் சுற்றிச் சுற்றிக் கை உளைந்தது. சுற்று மெதுவாக, கசெற்றும் இழுபட்டது. ரப்பர் கொடுத்த தடிப்பும் சேர, அவள் குரல் இறங்கி முழு ஆம்பிளைக் குரலாகிவிட்டது.

"அப்பா, இன்னும் கோவமோ?"

அப்பா நிமிர்ந்தார். "ஆர், மருமோனோ கதைக்கிறார்?"

மருமோன் என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஓமப்பா" என்றேன். பொய்தான். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"அப்பா எண்டெல்லோ கூப்பிடுறார்" என்றார். குமிழைக் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு வோக்மனைப் பார்த்தே பதில் சொன்னார்: "இல்லைத் தம்பி. கோவம் ஒண்டுமில்லை."

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்தச் சொற்களை அப்படியே எழுதி அன்றைக்கே அக்காவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவரே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார். அத்தான் கதைத்த இடத்தைத் திரும்பக் கேட்டால் பொய் பிடிபடுமே என்று பயந்துகொண்டே போனேன். பெடலில் கை வைத்ததும் அப்பா குமிழைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:

"முதல்லை என்ரை மோளின்ரை குரலைக் கேப்பம், கெதியாச் சுத்து. கோவமோ எண்டு கேக்கிற இடம் வரேக்கை மட்டும், நேற்றைக்கு மாதிரி மெல்லச் சுத்து பிள்ளை."