செவ்வந்திக்கல்லுக்குள் எரிந்த விளக்கு

மாமாவுக்கு அந்தக் கல்லின் மேல் அப்படியொரு பக்தி என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் தம்பியான அவர் காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். ஞாயிறு மதியமானால் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரிலிருந்த சின்ன அருங்காட்சியகத்துக்குப் போவார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செவ்வந்திக்கல் இருந்தது. வெளியே உடைத்த விளாம்பழ ஓடு மாதிரி சொரசொரப்பு. உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் கூர்கூராகப் படிகங்கள்.

"கண்ணு சிமிட்டாம பாத்துக்கினே இரு. உள்ள வெளக்கு எரியும். எரிஞ்சா வந்து சொல்லு" என்பார். மூக்கு கண்ணாடியில் அழுந்த நிற்பேன். அதுவரை அவர் ஜன்னலோரம், பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் அக்காவோடு சாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். சாயத்தில் பேச அவ்வளவு இருந்தது.

ஒருநாள் நிஜமாகவே எரிந்தது. சாய்வெயில் கல்லில் விழுந்து, முனைக்கு முனை சுடர். கத்திக்கொண்டு ஓடினேன். அக்கா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்க்க ஒருவரும் வராததில் எனக்குப் பெருங்கோபம்.

அந்தக் கோபத்தை அம்மாவிடம் கொட்டினேன். தாய் தகப்பன் போனபின் மாமாவை வளர்த்தவள் அம்மாதான். வாலாஜாவில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். அவர் பிடிகொடுக்காததால் வீட்டில் ஓயாத சண்டை.

"அந்த அக்கா அழுதுக்கினு இருந்துதும்மா. அதான் மாமா வெளக்க பாக்க வரல."

அம்மாவின் கையில் தோசைக்கரண்டி அப்படியே நின்றது. தோசை கருகியது.

அந்த வாரமே ஒருநாள், மாமாவிடம் சொல்லாமல், அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, "வா, அந்தக் கல்ல காட்டு" என்று கிளம்பினாள்.

எங்களைக் கண்டதும் அக்காவின் முகம் வெளுத்தது. ஆனாலும் கல்லைப் பற்றிச் சொன்னாள். பாறைக்குள் ஒரு பொந்து, அதில் தண்ணீர் ஊறி ஊறி, யாரும் பார்க்காமலே வளர்ந்த கல் என்றாள். அம்மா கல்லைப் பார்க்கவில்லை. அக்காவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊரும்மா நீ?"

"இங்க பக்கத்துல, கூரம்க்கா."

வழக்கமாக அடுத்து எந்தத் தெரு என்று கேட்பாள். அன்று கேட்கவில்லை. அக்காவின் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த துப்பட்டாவை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா என் பக்கம் குனிந்து, "நம்ம வூட்டுக்கு வந்துட்டா நல்லாத்தான் இருக்கும், இல்ல?" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அரசாங்கப் பொருளைத் தொட்டாலே போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று அம்மாவின் காதில் எச்சரித்தேன். என் ரகசியம் அந்த அறை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். அக்கா சிரித்தாள்; சிரித்துக்கொண்டே அழுதாள். கல்லைப் பிரிய மனமில்லாமல்தான் அழுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"பயப்படாதக்கா, எங்கம்மா சும்மா சொல்லுது" என்று அவள் கையைப் பிடித்துத் தேற்றினேன்.