கிள்ளியும் மூடாத வாய்

எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குச் சும்மா இருக்கும்போதே மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உதட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கும். சிரித்தாலோ ஈறுவரை தெரியும். அது வாப்பாவின் பல். உப்பளத்தில் வேலை செய்த வாப்பாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் குறைவில்லாமல் வந்த சொத்து அது ஒன்றுதான். வாப்பாவுக்கு மீசை இருந்தது, தப்பித்துக்கொண்டார்.

தில்லையடியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். மூன்றாவதாகக் கற்பிட்டியிலிருந்து வருகிறார்கள் என்றதும் உம்மா பயிற்சியைத் தொடங்கிவிட்டார். ராத்தாவை அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, உதட்டைப் பிரிக்காமல் சிரிக்கப் பழக்கினார். எட்டு வயதான எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ராத்தாவை ஒட்டி உட்கார்ந்திருந்து, பல் தெரிந்தால் யாரும் பார்க்காமல் கிள்ள வேண்டும். குடும்ப மானமே என் இரண்டு விரல்களில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் உம்மா நல்ல மாதிரியான மனுஷி. கேட்டதற்கெல்லாம் ராத்தா தலையைக் குனிந்து, வாயைப் பெரிதாகத் திறக்காமல் "ஓம் மாமி" என்றாள்.

"அடக்கமான புள்ள" என்றார் அவர். உம்மாவின் முகம் மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டேன்.

அவர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். "யா அல்லாஹ், சின்னவள்ட பல்லப் பாருங்களேன்! இவளக் கரையேத்தத்தான் நீங்க கஷ்டப்படப் போறீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ராத்தா என்னைப் பார்த்தாள். பிறகு அந்த மாமியை நிமிர்ந்து பார்த்து, ஈறு தெரிய, முகம் முழுக்கச் சிரித்தாள்.

"எனக்கும் இதே பல்லுதான் மாமி. எங்கட வாப்பாட பல்லு. வடிவாத்தானே இரிக்கி?"

நான் கிள்ளினேன். அவள் வாயை மூடவில்லை. நகம் பதியக் கிள்ளினேன். ராத்தாவோ என் வாயைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கற்பிட்டியிலிருந்தும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. பழி என்மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், ராத்தாவின் கையில் கன்றிப்போன இடத்தை உம்மாவிடம் இழுத்துக் காட்டினேன். "நான் சரியாத்தான் கிள்ளினேன் உம்மா. ராத்தாதான் மூட மறந்திட்டா."

"ஓம், மறந்திட்டேன்" என்றாள் ராத்தா.

அதன் பிறகு மூன்று வருஷம் காத்திருந்துதான் அவள் முந்தல் என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் இன்றுவரை எந்தப் போட்டோவுக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. அன்றைக்கு ராத்தா மறந்துபோய்த்தான் சிரித்தாள் என்று வெகுகாலம் நம்பியும் இருந்தேன்.