வாலடி இறகு

கோழி சேவலா பெட்டையா என்று பார்க்க மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் ஆனதும் வாலடியில், முதுகின் மேல் முளைக்கும் இறகைப் பார்த்தால் போதும். நுனி கூராக, ஒல்லியாக, பளபளவென்று தொங்கினால் சேவல். வட்டமாக முடிந்தால் பெட்டை. அதற்கு முன்னால் சொல்வதெல்லாம் குருட்டாம்போக்கு.

என் மாமியார் அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

என் கணவருக்கு வாய்க்கால் தூர்வாரும் வேலை. அந்த மழைக்காலத்தில், பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொள்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். காலில் கண்ணாடி கிழித்துவிட்டது. கொஞ்ச நாளில் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். எலிக்காய்ச்சல் என்றார்கள். களமசேரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கியது, சிறுநீரகம் தேறவில்லை. டயாலிசிஸ் என்று மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்.

அத்தை அம்மனுக்குச் சேவல் நேர்ந்தார். எங்கள் கோயிலில் அறுப்பதில்லை, உயிரோடு கொண்டுபோய் விடுவதுதான். ஆனால் வளர்ந்த சேவலை வாங்கி விட்டால் அது நேர்ச்சை ஆகாது. குஞ்சாக எடுத்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, நேர்ந்தவர் கையாலேயே தீனி போட்டு வளர்க்க வேண்டும். நூல் கட்டிய பிறகு மாற்றவும் கூடாது. கொச்சங்காடியில் குஞ்சு விற்கிறவரின் கூடைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார் அத்தை. அதன் சிறகை விரித்துப் பார்த்தார்.

"எறகெல்லாம் ஒரே நீளமா இருக்கு பாரு. இது ஆணுதான்."

"அது சில பண்ணைக் குஞ்சுக்குத்தான் சரிப்படும் அத்தை. இது நாட்டுக் குஞ்சு."

"நீ சும்மா இரு மோளே."

மகன் படுத்துக் கிடக்கும்போது அவரிடம் வாதாட யாருக்கு மனசு வரும்?

அப்போதெல்லாம் அத்தை தினமும் ஆஸ்பத்திரிக்கு வருவார். தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியோடு, வைட்டிலாவில் பஸ் மாறி, நெரிசலில் கசங்கி வந்து சேர்வார். "நம்ம சேவலு நல்லா வளருது. நீ வந்து உன் கையால கொண்டு விடணும்" என்று மகனிடம் சொல்வார். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அந்தக் கோழியை நானும் நம்ப ஆரம்பித்தேன்.

பிறகு ஒரு நாள் அத்தை வருவது நின்றுபோனது. முட்டு வலி என்றார். கஞ்சியை மட்டும் காய்ச்சி என்னிடம் கொடுத்தனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோழிக்குத் தீனி போடக் குத்துக்காலிட்டு உட்கார முடிகிறது, பெற்ற பிள்ளையைப் பார்க்க மட்டும் முட்டி மடங்காதா?

"அம்மா எங்க?" என்று அவர் தினமும் கேட்டார்.

"நாளைக்கு வருவாங்க" என்று தினமும் சொன்னேன்.

அந்த நாட்களில்தான், கஞ்சி வாங்க வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்ற கோழியைக் கவனித்தேன். வாலடி இறகு என் கட்டைவிரல் நகம்போல வட்டமாக இருந்தது. பிடித்து மடியில் வைத்துத் தடவினேன். எத்தனை தடவை தடவினால் வட்டம் கூராகும்? அத்தையிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் உடைந்துபோவார் என்று பயந்தேன்.

கடைசியில் நோய்த்தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டது. பேச்சு குழறியது. அந்தக் குழறலிலும் அம்மாவைத்தான் கேட்டார். மறுநாள் காலை போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அத்தை கோழியைப் பிடித்து அதன் காலில் இருந்த மஞ்சள் நூலை அறுத்தார்.

"இனி இத என்ன செய்ய?" என்றேன்.

"பெட்டைதானே. நிக்கட்டும், முட்டை இடும்."

கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன். "எப்பத் தெரியும் அத்தை?"

"வாலடி எறகு வட்டமா வந்தப்பவே. அன்னைக்கே அவன் வரமாட்டான்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறமும் அவன் மொகத்தப் பாத்து சேவலு கத சொல்ல என்னால ஆகல மோளே."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு கோழி இறகைப் பார்த்துப் பிள்ளையைக் கைகழுவிவிட்டீர்களே, அவர் வாசலையே பார்த்துக் கிடந்தாரே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அத்தை கோழியை விட்டுவிட்டு, அறுத்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவன் என்னைக் கேட்டானா?"

"இல்ல அத்தை" என்றேன். "நெனவே இல்லாமத்தான் கெடந்தாங்க."

"நல்லதாப் போச்சு" என்றார் அத்தை.