பனி பார்க்காத ஊரின் பனிச்சட்டை

பெட்டிகள் வந்துவிட்டன. மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் எங்கள் சின்ன ஆபீஸின் வாசல்வரை அடுக்கியிருக்கிறோம். உள்ளே போக வேண்டுமென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். சரக்கு கைக்கு வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது வியாபாரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம். வந்துவிட்டது. இனி உங்களிடம் சொல்லலாம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நானும் என் சிநேகிதி லானும் சேர்ந்து குழந்தைகளுக்கான பனிச்சட்டை விற்கிறோம். கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே உடுப்பு. பிள்ளையை உள்ளே திணித்து ஜிப்பை இழுத்தால் குட்டி விண்வெளி வீரர் ரெடி. ரெடியான அடுத்த நிமிஷம் "பாத்ரூம்" என்பார்... அது வேறு கதை.

டிசைன் லான். கணக்கும் விற்பனையும் நான். பேக்கிங், பட்டன், ரிப்பேர் எல்லாம் மட்டக்களப்பு ஜெயந்தி. தைப்பது மட்டும் வியட்நாமில், சைகோன் பக்கம் ஒரு தொழிற்சாலையில். வருஷம் முழுக்க வியர்க்கிற ஊரில் மாண்ட்ரியல் பனிக்கு உடுப்பு!

போன பிப்ரவரியில் அந்தத் தொழிற்சாலையின் முதலாளி தாவோ எங்களைப் பார்க்க வந்தாள். முப்பத்துச் சொச்சம் வயது. அப்பாவிடமிருந்து நிர்வாகத்தை வாங்கி அதை மூன்று மடங்காகப் பெருக்கியவள். ஆபீஸுக்கு அழைத்து வருகிறேன். எதிரே ஒரு கார்தெரியின், அதாவது குழந்தைகள் காப்பகத்தின் பிள்ளைகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். சட்டென்று தாவோ நடைபாதைப் பனியில் முழங்காலிட்டு, எங்கள் பனிச்சட்டை போட்ட ஒரு வாண்டின் முட்டியைப் பிடித்துத் தையலைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"மதாம்! மதாம்!" என்று டீச்சர் பதறி ஓடி வந்தார்.

"பயப்படாதீர்கள். இதைத் தைத்ததே இவர்தான்" என்றேன் பிரெஞ்சில்.

டீச்சரின் முகம் மாறியது. "அப்படியா? நல்லதாகப் போயிற்று. இந்த ஜிப்பின் நுனி ரொம்பச் சின்னது. கையுறை போட்ட கையால் பிடிக்கவே முடியவில்லை. இருபது பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி!"

மொழிபெயர்த்தேன். தாவோ உடனே தன் கையுறையோடு ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். வழுக்கியது. எழுந்து என்னைப் பார்த்தாள். "இத்தனை வருஷத்தில் நீங்கள் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லையே?"

எங்களுக்கே இப்போதுதானே தெரியும்!

அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதனால்தான் அடுத்த அரை மணியில் அவள் சொன்னது அவ்வளவு வலித்தது.

"அடுத்த சீசனுக்கு உங்கள் ஆர்டரை எடுக்க முடியாது" என்றாள், டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. "பெரிய பெரிய ஆர்டர்கள் காத்திருக்கின்றன. மிச்சம் இருக்கிற மெஷின்களில் எங்கள் சொந்த பிராண்டைத் தைக்கப் போகிறோம். எவ்வளவு காலம்தான் அடுத்தவர் பெயரைத் தைப்பது?"

நியாயம்தான். ஆனால் நியாயம் நம் வயிற்றில் அடிக்கும்போது நியாயமாகத் தெரியுமா? "நீங்கள் சின்னதாக இருந்தபோது நாங்கள்தானே கூட நின்றோம்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

"அதனால்தான் நேரில் வந்தேன். மற்றவர்களுக்கு ஈமெயில்தான்."

ஒரு காலத்தில், "விலை படியவில்லையா, வேறு நாட்டைப் பார்க்கிறோம்" என்று இங்கிருப்பவர்கள் மிரட்டுவார்கள். இப்போது அந்த நாடு எங்களைப் பார்த்து, "நீங்கள் வேறு இடம் பாருங்கள்" என்கிறது. மரியாதையாக. டீ குடித்துக்கொண்டே.

லானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் வியட்நாமில் பிறந்தவள். ஆறு வயதில் படகேறி, முகாமில் இருந்து, மாண்ட்ரியல் வந்தவள். பேசுவது அச்சு அசல் கெபெக் மாநிலத்துப் பிரெஞ்சு. தாய்மொழி வீட்டுக்குள் மட்டும் — அம்மாவோடும் அப்பாவோடும். இருவரும் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. தொழிற்சாலையோடு வீடியோவில் பேச வேண்டும் என்றால் அவள் நைசாகக் காபி போடப் போய்விடுவாள். வியட்நாமோடு பேசும் பொறுப்பு திருச்சிக்காரியான எனக்கு! எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

அன்றைக்கு அந்த லான் திடீரென்று வியட்நாமிய மொழியில் பேசினாள். மெதுவாக, சொல் சொல்லாகத் தேடி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கொன்... கொன்..." என்று ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

தாவோ கையால் வாயைப் பொத்தினாள். அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. களுக்கென்று சிரித்துவிட்டாள்.

லானின் முகம் காது வரை சிவந்தது. எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

தாவோ தவித்துப் போய் விளக்கினாள். அவர்கள் மொழியில் 'நான்' என்பதற்குச் சொல் ஆளுக்கு ஆள் மாறுமாம். மூத்தவளிடம் பேசினால் நான் 'தங்கை'. இளையவளிடம் 'அக்கா'. பெற்றவர்களிடம் பேசினால் 'கொன்' — பிள்ளை. பொதுவான 'நான்' ஒன்று உண்டாம். ஆனால் அது கோர்ட்டில் சாட்சி சொல்வது மாதிரி விறைப்பாக இருக்குமாம். லான் அந்த மொழியில் அப்பா அம்மாவோடு மட்டுமே பேசி வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த 'நான்' அது ஒன்றுதான்.

ஜெயந்தி பட்டன் டப்பாவை மூடினாள். "அப்ப இந்த வயசில அவ, 'பிள்ளைக்கு அடுத்த வருசமும் தைச்சுத் தாங்க' எண்டா, அக்கா, கேட்டவ?"

"அப்படித்தான் போல" என்றேன்.

"ஐயோ பாவம்..." என்றாள் ஜெயந்தி. அவள் சிரிக்கவில்லை.

ஜெயந்தி சொன்னதை நான் தாவோவிடம் மொழிபெயர்க்கவில்லை. முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். "என்னிடம் 'கொன்' என்று பேசுவது என் மகன் மட்டும்தான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. சட்டென்று எழுந்து, கோட்டுகூட இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"கோட் இல்லாமப் போகுது அக்கா, இந்தப் பிள்ளைக்கு என்ன விசரா?" என்று ஜெயந்தி கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டடத்தின் வெளிப்படிக்கட்டில் லான் உட்கார்ந்திருக்கிறாள். தாவோ பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜெயந்தி கோட்டைப் போர்த்திவிட்டு, நாகரிகமாகத் திரும்பி வந்துவிட்டாள். அவர்கள் என்ன பேசினார்களோ! தாவோ விரலால் தன்னைக் காட்டி ஏதோ சொல்கிறாள், லானைக் காட்டி ஏதோ சொல்கிறாள். லான் தலையாட்டித் திருப்பிச் சொல்கிறாள். தப்பாகச் சொன்னாள் போலிருக்கிறது — இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மேலே வந்தபோது லான் அக்கா ஆகியிருந்தாள். தாவோ தங்கை.

"சரி, ஆர்டர்?" என்று கேட்டேன். பாசம் வேறு, பிசினஸ் வேறு இல்லையா?

"உங்கள் பிராண்டைத் தைக்க முடியாது. அதில் மாற்றமில்லை" என்றாள் தாவோ. "ஆனால் என் பிராண்டை கெபெக்கில் நீங்கள் விற்கலாமே? குளிர் பற்றி எனக்கு என்ன தெரியும்? அக்கா டிசைன் பண்ணட்டும், அவள் பெயரும் லேபிளில் வரட்டும். மேலே என் பிராண்டின் பெயர். துயெத். எங்கள் மொழியில் பனி என்று அர்த்தம். என் அம்மாவின் பெயர். அந்தத் தொழிற்சாலையின் முதல் மெஷினில் உட்கார்ந்தவர் அவர்தான்."

எனக்குச் சுருக்கென்றது. வாலைச் சுருட்டிப் படுத்திருக்கும் குட்டி நரி, அதற்கு ஓர் அழகான பிரெஞ்சுப் பெயர் — லான் வரைந்த எங்கள் லேபிள் அது. அதைத் தூக்கிப் போடுவதா? "நம் வாடிக்கையாளர்கள் வாயில் இந்தப் பெயர் நுழையுமா?" என்று லானிடம் பிரெஞ்சில் முணுமுணுத்தேன்.

அவள் தாழ்ந்த குரலில்தான் பேசினாள். "பள்ளியில் சேர்ந்த முதல் நாள், லான் என்ற பெயர் கஷ்டம் என்று டீச்சர் என்னை அன்னி ஆக்கினார். அம்மா சரி என்று தலையாட்டினார். கல்லூரி வரை அன்னிதான். எனக்கு வெட்கமாக இருந்தது தெரியுமா? பெயர் மாறியதற்கு இல்லை... மாறியது எனக்குப் பிடித்திருந்ததற்கு." மேஜையில் கிடந்த நரி லேபிளைக் கவிழ்த்து வைத்தாள். "நரி தூங்கட்டும். இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கள் மொழியில் ஒரு சொல்லை முதுகில் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் பார்க்க வேண்டும். எழுதும்போது அந்த 'எ' எழுத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு குறி வரும், பிரெஞ்சில் வருவது போலவே. பிரெஞ்சுக்காரர்களுக்குத் தொப்பி புதுசா என்ன?"

இரண்டு நாள் உர்ரென்று இருந்தேன். மூன்றாம் நாள் விலைப்பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், வளர்கிற நாடு என்பதே இதுதானோ? கட்டடமும் பாலமும் அப்புறம். அடுத்தவர் லேபிளைத் தைத்த கை, ஒருநாள் தன் அம்மாவின் பெயரைத் தைக்க ஆசைப்படுகிறது பாருங்கள்... அங்கேதான் ஆரம்பம். அதில் கொஞ்சம் நமக்கு வலிக்கும். வலித்தால் என்ன, தேய்த்துவிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் வாடிக்கையாளர் நேற்று வந்தார். மகளுக்கு வாங்க வந்த ஒரு கெபெக் அப்பா. தோளில் இந்த வருஷத்தின் முதல் பனி இன்னும் கரையவில்லை. லேபிளைத் தடவிப் பார்த்து, உதட்டைக் குவித்து, "து... யெத்?" என்றார். கிட்டத்தட்ட சரி. லானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"பனி, மிஸ்யூ. வியட்நாமில் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்" என்றேன்.

"பனியா? அந்தச் சனியனையா? பெற்ற பெண்ணுக்கு யாராவது அப்படிப் பெயர் வைப்பார்களா?"

லான் பெட்டியை நீட்டிச் சொன்னாள்:

"ஒருநாள்கூட அதை வாசலிலிருந்து அள்ளிக் கொட்டாதவர்கள் வைப்பார்கள், மிஸ்யூ."