கேக் பாப்பாவுக்குத் திருஷ்டிப் பொட்டு

தன் மகளின் முதல் பிறந்தநாளுக்கு என்னிடம் ஆர்டர் செய்த கேக்கை எடுக்க, இன்று மேரு ஊரிலிருந்து ஓர் அக்கா வந்தார்.

பட்டர்கிரீம் மேல் ஒரு பாப்பா முகம், ஃபாண்டன்ட் சர்க்கரை மாவில் வெட்டி ஒட்டியது. அந்த முகத்துக்கே காலை முழுதும் போய்விட்டது.

"அழகா இருக்கு லா. கன்னத்துல கறுப்புப் பொட்டு எங்க?"

"கேக்குக்குமா அக்கா?"

"அம்பது பேரு பாக்கப் போறாங்க. கண்ணு பட்டுரும்."

கை கொஞ்சம் நடுங்கினாலும் முகம் வீண். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியால் கறுப்புக் கலரைத் தொட்டு வைத்தேன்.

உண்மையில், பொட்டோடு பாப்பா இன்னும் அழகு. உடனே போனை எடுத்தேன்.

"படம் எடுத்துக்க. ஆனா எங்கயும் போட்றாதம்மா. ஒரு பொட்டு அவ்வளவு கண்ணத் தாங்காது."

அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கா பயந்தது உங்கள் கண்ணுக்குத்தான்.